சண்டைக்கு ஐந்து நிமிடம் என்பது என்எச்எல் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் நடுவராக நிற்கிறேன். இந்தப் பருவத்திலும் அதே கேள்வி. வெள்ளிக்கிழமை கையுறையைக் கழற்றிப் போட்டு அடித்துக்கொண்ட பையன், வெளியே போகும்போது, "நாளைக்கு ஆடலாம்தானே?" என்கிறான்.

ஆட முடியாது, தம்பி.

வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சண்டை என்றால் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரும் சங்கதி. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி அப்படியில்லை. மேஜர் என்ற ஐந்து நிமிடப் பெரிய தண்டனையோடு டிஸ்குவாலிஃபிகேஷனும், அதாவது தகுதிநீக்கமும், உண்டு. அந்த ஆட்டமும் போச்சு, அணியின் அடுத்த ஆட்டமும் போச்சு. அதே பருவத்தில் இரண்டாவது முறை வாங்கினால் 2 ஆட்டம், மூன்றாவது முறை 3 என்று ஏறிக்கொண்டே போகும்.

இதைக் கேம் மிஸ்காண்டக்ட் என்ற இன்னொரு தண்டனையோடு போட்டுக் குழப்பாதீர்கள். பயிற்சியாளர்களே குழப்புகிறார்கள்! அதுவும் வெளியேற்றம்தான், ஆனால் அதை வாங்கியவர் வழக்கமாக அடுத்த ஆட்டத்துக்கு வரலாம். டிஸ்குவாலிஃபிகேஷன் வாங்கியவர் வர முடியாது. "வெளியே அனுப்பிட்டீங்களே, அதுவே தண்டனைதானே" என்று என்னிடம் வாதாடிப் பயனில்லை. தடை விதியிலேயே இருக்கிறது, என் கையில் இல்லை. லீக் தன் பங்குக்கு மேலும் சில ஆட்டங்களைச் சேர்க்கவும் கூடும்.

முதல் பிரிவில் வழக்கமான பருவமே அதிகபட்சம் 34 ஆட்டம்தான். பெரும்பாலும் வெள்ளி, சனி என்று அடுத்தடுத்து வரும். மார்ச்சில் இன்னும் மோசம்: தேசியப் போட்டியில் 16 அணிகள், தோற்றால் வீட்டுக்கு. அரையிறுதியில் டிஸ்குவாலிஃபிகேஷன் வாங்கியவர், அணி வென்றாலும் இறுதி ஆட்டத்தில் இறங்க முடியாது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வாங்கினால் தடை அடுத்த பருவத் தொடக்கத்துக்குப் போகும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் என்ற உயர்நிலை இளையோர் லீக்குகளின் வீரர்களும் கல்லூரி அணிகளில் சேரலாம். ஒன்டாரியோ, மேற்கு லீக்குகளில் சண்டை போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிப் பழகியவர்கள் அவர்கள். பயிற்சியாளர்களே, முதல் பயிற்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்டாரியோவிலிருந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, எதிராளி கையுறையைக் கழற்றினால் நீங்கள் கழற்றாதீர்கள். எல்லோர் முகத்திலும் முழுக் கவசம் இருக்கிறது. குத்தினால் உங்கள் விரல்தான் உடையும். குச்சியைக் கீழே வைத்துக்கொண்டு விலகிப் போங்கள். லைன்ஸ்மென் என்ற துணை நடுவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பிரித்துவிடுவார்கள். பதிலுக்குக் குத்தினால் அறிக்கையில் உங்கள் எண்ணையும் நான் எழுதத்தான் வேண்டும்.