அதே 4கே, அதே லப்டொப்: பிறகேன் விக்குகிறது?

வெள்ளவத்தையில் கலியாணம், சாமத்திய வீடு என்று வீடியோ எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2019இல் வாங்கிய லப்டொப். பழைய கமராவின் 4கே வீடியோவை ஒழுங்காக எடிட் பண்ணியது. புதுக் கமராவும் 4கே தான். ஆனால் டைம்லைனில் போட்டாலே விக்கி விக்கி ஓடுகிறது. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதிது எடுங்கோ என்கிறார்கள் கடையில். எடுக்கத்தான் வேண்டுமா?"

விண்டோஸ் கதையை முதலில் முடித்துவிடலாம். 2025 ஒக்டோபர் 14இல் நின்றது விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு. எடிட்டிங் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான புரோசசர்களை விண்டோஸ் 11 ஏற்கும் என்பதால், 2019 லப்டொப் பலவற்றுக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

விஷயம் கமரா எழுதும் கோப்புக்குள் இருக்கிறது. ஒரு 4கே பிரேமில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு பிரேம் 25 மெகாபைட். செக்கனுக்கு 25 பிரேம் ஓடினால் 620 மெகாபைட். ஆனால் 100 மெகாபிட்டில் (8 பிட் ஒரு பைட்) பதியும் கமரா செக்கனுக்கு எழுதுவது 12.5 மெகாபைட் மட்டுமே. மீதி எங்கே போனது?

ஒரு பகுதி, பிரேமுக்குள்ளேயே சுருக்கப்படுகிறது, ஜேபெக் படத்தைப் போல. இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றக் கணிதத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1972இல் அகமது அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் ஆய்வுப் பணம் கேட்டிருந்தார்; கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். இன்று நம் போன்களில் இருக்கும் படமும் வீடியோவும் பெரும்பாலும் அந்த 'எளிமையான' கணிதத்தின் வழிவந்தவைதான். "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டுக் கேட்டே ஆய்வுப் பணத்தை வெட்டுகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

பெரிய சேமிப்பு, பிரேம்களுக்கு இடையில் நடக்கிறது. மேடையில் சோடனை அசையாது. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும் கைகள் மட்டும் அசைகின்றன. எனவே கமரா பதினைந்து பிரேமுக்கு ஒன்றை மட்டும் முழுமையாக எழுதுகிறது என்று வையுங்கள். மற்றவற்றில் குறிப்புகள்தான் இருக்கும்: "இந்தக் கட்டம் முன்பிருந்த இடத்திலிருந்து வலப்பக்கம் இவ்வளவு நகர்ந்தது, மிச்ச வித்தியாசம் இவ்வளவு." நகர்வைக் கால் புள்ளி வரை துல்லியமாகச் சொல்லும். எச்.264 என்ற சுருக்கும் முறையில் கட்டம் 16 × 16 புள்ளி. 2013இல் வந்த எச்.265இல் 64 × 64 வரை போகும். பூ தூவும்போதும் பிளாஷ் வெடிக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறிவிட, குறிப்பெழுத பிட் போதாமற் போகிறது.

இதில் மிக அழகான தந்திரம், சில பிரேம்கள் எதிர்காலத்தையும் பார்த்து எழுதப்படுவது. அம்மாவின் கை விலகியதும் தெரியும் பட்டுச்சேலைக் கரை முந்திய பிரேமில் இல்லை, பிந்திய பிரேமில் இருக்கிறது. ஆகவே நடுவில் உள்ள பிரேம் இரண்டு பக்கமும் கைநீட்டிக் கடன் வாங்குகிறது. திரையில் 1, 2, 3, 4 என்று வருவது கோப்பில் 1, 4, 2, 3 என்ற வரிசையில் கிடக்கும். 4ஐ முதலில் விரித்தால்தான் 2உம் 3உம் பிறக்கும்.

சும்மா பார்க்கிறவருக்கு இதில் சிக்கலில்லை. எடிட் பண்ணுகிறவர் 14ஆவது பிரேமில் வெட்டப் போனால், லப்டொப் முதல் பிரேமுக்குத் திரும்பிப்போய், அந்த 14ஆவது பிரேம் தங்கியிருக்கும் சங்கிலி முழுவதையும் விரித்துக்கொண்டு வரவேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை பல மடங்கு. மூன்று கமரா மல்டிகேம் என்றால் எல்லாமே மூன்று தடவை.

இந்த வேலைக்கென்றே சிப்பில் தனிச் சுற்று உண்டு. இன்டெல் 2011இலேயே குவிக் சிங்க் என்று கொண்டுவந்தது. குறைந்த மின்சாரத்தில் பாய்ந்து வேலை செய்யும்; ஆனால் சிலிக்கனில் செதுக்கிய வடிவங்களை மட்டுமே அது அறியும். புதுக் கமராக்கள் பல 10 பிட் 4:2:2 வடிவில் பதிகின்றன. நிறத்துக்கு 256 படிக்குப் பதிலாக 1024 படி. நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் என்றிருந்தது இரண்டு புள்ளிக்கு ஒன்று. எச்.265இல் இந்த வடிவத்தை இன்டெல் 11ஆம் தலைமுறையும் 2020இல் வந்த ஆப்பிள் எம்1உம் விரிக்கும். கிராபிக்ஸ் கார்ட் செய்யும் என்விடியாவில் 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும்வரை அது இல்லை. அதனால்தான் ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட, இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி புரோசசர் உள்ள விலைகூடிய கேமிங் லப்டொப் விக்கும் இடத்தில், தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாத 12ஆம் தலைமுறை இன்டெல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

வாசகரே, டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிளிப்பை ஓட்டுங்கள். ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இரண்டிருந்தால் இரண்டையும் பாருங்கள். வீடியோ டிகோட், அதாவது விரிக்கும் சுற்றின் வரைபடம், பூச்சியத்தில் கிடக்க சிபியு (புரோசசர்) நூறைத் தொட்டால், உங்கள் சுற்றுக்கு அந்த வடிவம் தெரியாது. உங்கள் நோய் அநேகமாக இதுதான். மெமரி நிரம்பி டிஸ்க் வரைபடமும் உச்சத்தில் நின்றால் ரேம் பற்றாக்குறை. 8 ஜிபியை 16 அல்லது 32 ஆக்கினால் போதும், போர்டில் ஒட்டிய ரேமாக இல்லாதவரை. 3டி வரைபடம் நிரம்பினால் நிறத்திருத்தமும் நொய்ஸ் ரிடக்‌ஷனும் கிராபிக்ஸ் கார்டை நெரிக்கின்றன. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சிபியு வேகம் 4 கிகாஹேர்ட்ஸிலிருந்து 2க்கு விழுந்தால் சூடு. ஏசி இல்லாத கொழும்பு அறையில் நண்பகலில் உள்ளே போகும் காற்றே 31, 32 பாகை. விசிறித் தூசியை ஊதி, தேர்மல் பேஸ்டை மாற்றுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். டெஸ்க்டொப்பில் ரைட் கிளிக் பண்ணி ரிபிரெஷ் அடிப்பதால் எதுவும் வேகமாகாது. அது ஐகன்களைத் திரும்ப வரையும், அவ்வளவுதான். நம்மவர் கைவிடாத மூடநம்பிக்கைகளில் இதுவும் ஒன்று.

வடிவம்தான் நோய் என்றால், புது லப்டொப் இல்லாமலே தீர்க்கும் மருந்து புரொக்சி, அதாவது எடிட் பண்ணும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 1080பி அளவுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற வடிவில் புரொக்சி செய்யுங்கள். அதில் எல்லாமே முழு பிரேம். எங்கே வெட்டினாலும் சங்கிலி இல்லை. ஒரு மணிநேர வீடியோவுக்கு ஏறத்தாழ 16 ஜிபி பிடிக்கும், இரவோடிரவாக ஓடவிடலாம். நிறம் திருத்துமுன் புரொக்சியை நிறுத்த மறக்காதீர்கள். பிரீமியரில் செய்கிறவர்கள் ஒலிச் சனல் எண்ணிக்கை மூலக் கோப்போடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் புரொக்சி ஒட்டாது.

மாதத்தில் ஒன்றிரண்டு நிகழ்ச்சி என்றால் இதோடு காலம் தள்ளலாம். வாராவாரம் நிகழ்ச்சி, மறுநாளே ஹைலைட் கேட்கிறார்கள் என்றால் அந்த இரவுகள் உங்களிடம் இல்லை, அப்போது வாங்குங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது உங்கள் கமராவின் கிளிப் ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய், அங்கேயே ஓட்டி, டிகோட் வரைபடத்தைப் பாருங்கள். கேமிங் லப்டொப் சிலவற்றில் இன்டெல் கிராபிக்ஸை அணைத்து வைத்திருப்பார்கள்; குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். வரைபடம் அசையாவிட்டால் அந்த அமைப்பை மாற்றி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.