சுடுதண்ணி எதுக்கு? தண்ணிக்கு இல்ல, பவுடருக்கு

குழந்தைக்குக் கொடுக்குற பால் பவுடர் டின்னோட மூடியத் தொறந்து உள்ள இருக்குற அலுமினியத் தாளக் கிழிக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, அதக் கேட்டாலே உள்ள இருக்குறது ஊசி மருந்து மாதிரி பக்கா சுத்தம்னு மனசு நம்பிடும். நானும் நம்பினேன். குழந்தை பொறந்த முதல் மாசம் முழுக்க என் வழக்கம் என்னன்னா, காலைல தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு, ஆறவிட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போதே ஃப்ளாஸ்க்ல ஊத்தி வெச்சுப்பேன், குழந்தை அழ ஆரம்பிச்சதும் அதுல பவுடரப் போட்டு குலுக்கிக் கொடுத்துடுவேன். ஆற வைக்கிற வேலையே இல்ல. என்ன மூளைன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டது வேற.

தண்ணிதான் ஏற்கனவே கொதிச்சிருக்கே, அப்புறம் எதுக்கு 70 டிகிரி சூட்டுல கலக்கச் சொல்றாங்கன்னு அப்ப எனக்குப் புரியல. விஷயம் இதுதான்: அந்த சூடு தண்ணில இருக்குற கிருமிக்காக இல்ல, பவுடர்ல இருக்குற கிருமிக்காக. பால் பவுடர் ஸ்டெரைல் கிடையாது, அதாவது கிருமியே இல்லாததுன்னு சொல்ல முடியாது. சீல் பிரிக்காத டின்ல கூட ஒண்ணு ரெண்டு கிருமி இருக்க வாய்ப்பு உண்டு.

ஃபேக்டரில பாலைப் பாஸ்ச்சரைஸ் பண்ணி, அதாவது சூடாக்கி கிருமியக் கொன்னுதானே பவுடராக்குறாங்க, அப்புறம் எப்படின்னு கேட்பீங்க. பாஸ்ச்சரைஸ் பண்றது உண்மைதான். அதுக்கப்புறம் அந்தப் பாலை உயரமான ஒரு கூண்டுக்குள்ள பனித்துளி மாதிரி தெளிச்சு 150 டிகிரிக்கு மேல இருக்குற காத்துல காய வைக்கிறாங்க. 150 டிகிரில எல்லாம் செத்துடுமேன்னு தோணும், ஆனா வேர்வை காயும்போது நம்ம உடம்பு எப்படி குளிருதோ அதே மாதிரி ஈரம் ஆவியாகுறப்போ அந்தத் துளியும் குளிர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால காத்து சூடா இருந்தாலும் துளி அவ்வளவு சூடாகாது. அதுவும் போக, சூடு தாங்காத சில சத்துக்களை கடைசில உலர்ந்த பொடியாவே சேக்குறாங்க. பேக் பண்ற வரைக்கும் ஃபேக்டரி காத்து, தூசி, மெஷின்னு பல எடத்த அந்தப் பவுடர் தாண்டி வரணும். இந்த வழில உள்ள வர்ற ஆளுங்கள்ல முக்கியமானவங்க ரெண்டு பாக்டீரியா, வயித்துப்போக்கு வர வைக்கிற சால்மொனெல்லா, அப்புறம் குரோனோபாக்டர்.

சால்மொனெல்லா பேர நெறைய பேர் கேட்டிருப்பாங்க. குரோனோபாக்டர்தான் கொஞ்சம் வில்லங்கமானது. சாதாரணமா ஒரு பாக்டீரியா ஈரம் இல்லன்னா தாக்குப்பிடிக்காது, இது என்ன பண்ணுதுன்னா ட்ரெஹலோஸ்னு ஒரு சர்க்கரைய தன் உடம்புக்குள்ள சேத்து வெச்சுக்குது, தண்ணி போன எடத்துல அந்தச் சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகி உள்ள இருக்குற புரதம் எதுவும் சிதையாமப் பாத்துக்குது. இப்படியே காய்ஞ்ச பவுடர்ல ரெண்டு வருஷம் வரைக்கும் கூட உயிரோட கெடக்கும். ஆரோக்கியமா இருக்குற பெரியவங்களுக்கு இதால பெரும்பாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா பொறந்து ரெண்டு மாசம் கூட ஆகாத குழந்தை, குறை மாசத்துல பொறந்தது, எடை கம்மியா இருக்குறது, இவங்களுக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் சரியா வந்திருக்காது, அப்ப ரத்தத்துல தொற்றும் மூளைக்காய்ச்சலும் வரலாம். ரொம்ப அரிதுதான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து.

இப்ப என்னோட ஃப்ளாஸ்க் கதைக்கு வாங்க. வெதுவெதுப்பான தண்ணி, அதுல பாலோட சர்க்கரை, புரதம்... அந்தக் கிருமிக்கு இதவிட நல்ல விருந்து கெடைக்குமா? உடம்புச் சூடு அளவுல அது சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாப் பிரியும். முழிச்சு நிதானத்துக்கு வர முதல்ல கொஞ்ச நேரம் எடுத்துக்கும், அத விட்டுட்டு கணக்குப் போட்டா, ஒரே ஒரு கிருமி நாலு மணி நேரத்துல 4,096. எட்டு மணி நேரத்துல 1 கோடியே 67 லட்சம். கலந்த பாட்டில ராத்திரி பூரா தலைமாட்டுல வெச்சுக்கிறது ஏன் ஆகாதுன்னு இதுக்கு மேல சொல்லவே வேணாம். நான் கலந்த உடனே கொடுத்ததால தப்பிச்சேன், மத்தபடி அது வெறும் அதிர்ஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட வழிகாட்டுதல் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணில கலக்கச் சொல்லுது. அந்த சூட்டுல குரோனோபாக்டர் சில செகண்ட்லயே பெருமளவு செத்துப்போகும். அப்ப கொதிக்கக் கொதிக்கவே ஊத்திடலாமேன்னா, வேணாம், பவுடர் கட்டி கட்டியாகும், விட்டமின் சி மாதிரி சத்தும் கொஞ்சம் வீணாப்போகும். கொதிச்சு இறக்கினதுலேருந்து 30 நிமிஷத்துக்குள்ள கலந்துடுங்கன்னு சொல்றதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு, அது ஒரு லிட்டர் அளவு தண்ணி மூடின கெட்டில்ல இருந்தா சரியா வரும். ஒரு பாட்டிலுக்கு மட்டும்னு 150 மில்லி கொதிக்க வெச்சா அது மடமடன்னு ஆறிடும், ஜில்லுன்னு இருக்குற பாட்டில்ல ஊத்தினா இன்னும் இறங்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி ரெண்டு நாள் வெச்சுப் பாத்தீங்கன்னா உங்க பாத்திரம் எவ்வளவு நேரம் சூடு தாங்குதுன்னு தெரிஞ்சிடும், அப்புறம் அத எடுக்கவே வேண்டியதில்ல. ப்ரோபயாட்டிக் சேத்த பவுடரா இருந்தா இந்த சூட்டுல அதுல இருக்குற நல்ல கிருமியும் செத்துடும், அதனால அந்த டின்ல வேற மாதிரி போட்டிருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. குறை மாசக் குழந்தைன்னா கலந்தே ரெடியா வர்ற திரவ ஃபார்முலா பத்தியும் கேளுங்க, அது ஸ்டெரைல்.

தண்ணி முதல்ல, பவுடர் அப்புறம். பவுடரப் போட்டுட்டு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா, பவுடர் எடம் அடைச்சுக்கிறதால தண்ணி கம்மியாகி பால் கெட்டியாயிடும். கெட்டியானா சத்து ஜாஸ்தின்னு நினைச்சு வேணும்னே அரை ஸ்கூப் கூடப் போடுறவங்கள நானே பாத்திருக்கேன். குழந்தையோட கிட்னி இன்னும் முழுசா தயாராகல, அதிகப்படி உப்பை வெளியேத்த தண்ணி வேணும், அந்தத் தண்ணிதான் இங்க கம்மி. பவுடரை மிச்சம் புடிக்க தண்ணியாக் கலக்குறதும் மோசம்தான், ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். ஸ்கூப்பை அழுத்தாம அள்ளி மேல தட்டையா வழிச்சு விட்டாப் போதும். ஒரு டின் ஸ்கூப்ப இன்னொரு டின்னுக்குப் போடாதீங்க, அளவு மாறும்.

பாட்டில கழுவுறது தனி, ஸ்டெரிலைஸ் பண்றது தனி. நிப்பிளைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க, ஓட்டைக்கு அடில வெள்ளையா மெல்லிசா ஒரு படலம் ஒட்டியிருக்கும், விரல் வெச்சா வழுவழுன்னு இருக்கும். பால் கொழுப்பு அது, அதுக்கு அடில கிருமி போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கும், நீங்க கொதிக்க வெச்சாலும் சூடு அதுக்குச் சரியாப் போய்ச் சேராம இருக்கலாம். அதனால முதல்ல சோப்பு, பிரஷ், நிப்பிள் ஓட்டை வழியா தண்ணியப் பீச்சி விடுறது, அப்புறம்தான் காத்துக்குமிழ் இல்லாம முழுசா முங்க வெச்சு 10 நிமிஷம் கொதி.

கலந்ததும் மூடி போட்டு ஓடுற குழாய்த் தண்ணில காட்டினா சீக்கிரம் ஆறிடும், மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டா சூடும் தெரியக்கூடாது குளிர்ச்சியும் தெரியக்கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேணாம், வெளில பாட்டில் இளஞ்சூடா இருக்கும், நடுவுல பால் வாயப் பொத்துப்போக வைக்கிற அளவு கொதிச்சிருக்கும்.

வெளிய போறதுக்கும் ராத்திரிக்கும் இப்ப நான் பண்றது, கொதிக்கிற தண்ணிய அப்படியே நல்ல ஃப்ளாஸ்க்ல அடைச்சுக்கிறேன், பவுடர அளந்து தனி டப்பால. ஃப்ளாஸ்க் அதேதான், உள்ள இருக்குற சூடு மட்டும் மாறிடுச்சு. கலந்து வெச்சே ஆகணும்னா உடனே ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல 5 டிகிரிக்குக் கீழ, கதவுல இல்லாம உள்பக்கமா, 24 மணி நேரம் வரைக்கும். வெளில வெச்சா ரெண்டு மணி நேரம்தான். குழந்தை வாய் வெச்சு மிச்சம் விட்ட பாலை எடுத்து வைக்காதீங்க, எச்சில் கலந்திருக்கும், பொறுமையா அளந்து கலந்த 30 மில்லிய சிங்க்ல கொட்டும்போது வயிறு எரியத்தான் செய்யும், கொட்டிடுங்க.