38-ஆ, 32-ஆ? செல்லுக்குள்ள சுத்தற ராட்டினத்தை எண்ணிப் பாத்துட்டா தெரிஞ்சுடும்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. பழைய கைடு ஒண்ணு, புதுசா வாங்கின நீட் புக் ஒண்ணு, ரெண்டையும் விரிச்சு வெச்சு எடுத்தது. ஒண்ணுல ஒரு குளுக்கோஸ் முழுசா எரிஞ்சா 38 ஏடிபின்னு (செல் தன் வேலைக்கெல்லாம் செலவு பண்ற ஆற்றல் காசு) இருக்கு, இன்னொண்ணுல 30 இல்லன்னா 32ன்னு இருக்கு. கீழ, "சித்தி எது கரெக்டு, எதை எழுதறது, இன்னும் பத்து நாள்தான் இருக்கு"ன்னு ஒரு வரி.

அவ பிளஸ் டூ, பப்ளிக் எக்ஸாமுக்கும் நீட்டுக்கும் சேத்து ரெண்டு வருஷப் பாடத்தையும் திருப்பிட்டு இருக்கா. இந்த நேரத்துல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், பாடத்தைத் தனித்தனி டப்பாவா மனசுல அடுக்கி வெச்சு ஒவ்வொண்ணா மூடி திறந்து பாக்கறாங்க, செல் ஒரு டப்பா, சுவாசம் ஒரு டப்பா, ஒளிச்சேர்க்கை ஒரு டப்பா, மரபியல் ஒரு டப்பா. நான் அவகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு வெள்ளைத் தாள் எடு, நடுவுல பெருசா ஒரு மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள ஏடிபி செய்யற உறுப்பு) வரை, உள் சவ்வை நல்லா மடிச்சு மடிச்சு வரை, பாதி பயாலஜியை அதுல இருந்தே கொண்டு வந்துடலாம்.

தெரிஞ்சதை வேகமா தாண்டிடுவோம். குளுக்கோஸுக்கு ஆறு கார்பன், சைட்டோபிளாசத்துல கிளைக்காலிசிஸ் நடந்து மூணு மூணு கார்பனா ரெண்டு பைருவேட்டா உடையுது, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் ஒரு கார்பனை விட்டுட்டு அசிட்டைல் கோஏ ஆகுது, கிரப்ஸ் சுழற்சில மிச்சக் கார்பனும் கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிடுது. இதுவரைக்கும் நேரடியா கிடைச்சது வெறும் 4 ஏடிபி. மீதி ஆற்றலெல்லாம் 10 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2ங்கற சுமைதூக்கிகள் தலைமேல எலக்ட்ரானா உக்காந்திருக்கு. இந்த 4, 10, 2 மூணையும் தாள் ஓரத்துல எழுதி வெச்சுக்கங்க, கடைசில கணக்குக்கு வேணும்.

இப்ப உள் சவ்வுக்கு வருவோம். என்ஏடிஹெச் தன்கிட்ட இருக்கற எலக்ட்ரானை அந்தச் சவ்வுல இருக்கற நாலு புரதக் கூட்டத்துல முதலாவதுகிட்ட குடுக்குது, அங்கிருந்து மூணாவது, நாலாவதுன்னு கை மாறிப் போய் கடைசில ஆக்ஸிஜன் வாங்கிக்கிட்டு தண்ணியா ஆயிடுது. நாம மூச்சு இழுக்கறதே இந்தக் கடைசிக் கைக்கு ஆக்ஸிஜன் குடுக்கத்தான். எலக்ட்ரான் ஒவ்வொரு படியா இறங்கும்போது கிடைக்கற ஆற்றல்ல அந்தப் புரதங்கள் உள்ள இருந்து பிளஸ் மின்னூட்டம் உள்ள புரோட்டானை வெளிப்பக்கம் தள்ளுது. ஒரு என்ஏடிஹெச்சுக்கு 4 + 4 + 2, மொத்தம் 10 புரோட்டான். எஃப்ஏடிஹெச்2 முதல் படியைத் தாண்டி நடுவுல வந்து சேருது, அதனால அதுக்கு 6தான்.

தள்ளின புரோட்டான் திரும்ப உள்ள வர முடியாது, சவ்வு விடாது. ரெண்டு சவ்வுக்கு நடுவுல தேங்கி நிக்குது, மேட்டூர்ல தண்ணி நிக்கற மாதிரி. சவ்வோட ரெண்டு பக்கத்துக்கும் 150 மில்லிவோல்ட் வித்தியாசம்னு வெச்சா, சுவர்க்கடிகாரத்துல போடற பேட்டரில பத்துல ஒரு பங்கு, ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். ஆனா சவ்வோட தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான், வகுத்துப் பாத்தா ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருது. நம்ம செல்லுக்குள்ள இவ்வளவு இறுக்கமா ஒண்ணு தேங்கி நிக்குது.

தேங்கினது இறங்கி வர ஒரே ஒரு முறையான வழி, ஏடிபி சிந்தேஸ்ங்கற ஏடிபி செய்யற புரத இயந்திரம். இதுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உக்காந்தேன்.

ஊர்த் திருவிழால வர்ற குடைராட்டினத்தை நினைச்சுக்கங்க. சவ்வுக்குள்ள பொதிஞ்சு வட்டமா ஒரு சக்கரம், அதுல எட்டு இருக்கை (நமக்கும் மாட்டுக்கும் எட்டு). வெளிப்பக்கம் பாத்து ஒரு பாதிவாசல், உள்பக்கம் பாத்து அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு பாதிவாசல், ரெண்டும் நேரா சேராது. வெளிய இருந்து ஒரு புரோட்டான் வந்து காலியா இருக்கற இருக்கைல உக்காருது, உக்காந்ததும் சக்கரம் ஒரு இருக்கை தூரம் நகருது, அடுத்த காலி இருக்கை வாசலுக்கு வருது, அடுத்த புரோட்டான் ஏறுது. ஏறினது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுத்து சுத்தி வந்து பக்கத்து வாசல்ல உள்பக்கமா இறங்கிக்குது. ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம், நடுவுல சுத்தியே ஆகணும், குறுக்குவழி கிடையாது.

சக்கரத்தோட நடுவுல இருந்து ஒரு அச்சு மேல எழும்பி நிக்குது. அந்த அச்சு ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆறு துண்டு சேந்த ஒரு தலைக்குள்ள நுழையுது. தலை சுத்தாது, பக்கவாட்டுல ஒரு தண்டு அதைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு, உள்ள இருக்கற அச்சு மட்டும் சுத்தும். அச்சும் நேரா இல்ல, கோணலா இருக்கு, அந்தக் கோணல்லதான் விஷயமே இருக்கு. ஆட்டுக்கல்லுல குழவி சுத்தும்போது குழியோட ஒவ்வொரு பக்கத்தையும் மாறி மாறி நெருக்கற மாதிரி, கோணல் அச்சு ஆறு சுளைல வேலை செய்யற மூணை ஒண்ணு மாத்தி ஒண்ணா தள்ளுது. ஒரு சமயத்துல ஒரு சுளை திறந்து கிடக்கும், அடுத்தது ஏடிபியோட மூலப்பொருளை, அதாவது ஏடிபியைவிட ஒரு பாஸ்பேட் குறைஞ்ச டைபாஸ்பேட்டையும் தனி பாஸ்பேட்டையும் தளர்வா பிடிச்சிருக்கும், மூணாவது ரெண்டையும் இறுக்கி ஒட்ட வெச்சு ஏடிபி ஆக்கியிருக்கும். அச்சு 120 டிகிரி திரும்பினா மூணும் வேலையை மாத்திக்குது.

இதுல பால் பாயர்ங்கற அமெரிக்க உயிர்வேதியியல் விஞ்ஞானி கண்டுபிடிச்ச ஒரு விஷயம் எனக்கு இன்னைக்கும் புல்லரிக்குது. இறுக்கிப் பிடிச்சிருக்கற அந்தச் சுளைக்குள்ள ஏடிபி உருவாகறதுக்குப் பெருசா ஆற்றலே தேவைப்படல, கிட்டத்தட்ட தானா ஒட்டிக்குது. செஞ்ச ஏடிபியை வெளிய விடறதுக்குத்தான் ஆற்றல் வேணும், ஏன்னா சுளை அதை அவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கு. சோத்துல இருந்து ஏடிபி செய்யறதுக்குப் போற ஆற்றல்ல பெரும்பகுதி கடைசில போய் நிக்கறது, மூடின ஒரு கையை விரிக்க வைக்கற வேலைல. மாட்டு இதயத்துல இருந்து எடுத்த இந்தத் தலையோட வடிவத்தை ஜான் வாக்கர் குழு 1994ல அணு அணுவா காட்டினாங்க, மூணு சுளையும் பாயர் சொன்ன மாதிரியே மூணு வேற வேற நிலைல இருந்துச்சு. 1997ல ரெண்டு பேருக்கும் நோபல்.

அதே 1997ல ஜப்பான்ல நோஜி, யோஷிதா, கினோசிதா குழு இன்னும் ஒரு படி மேல போனாங்க. தலையைக் கண்ணாடித் தகட்டுல தலைகீழா ஒட்டி, அச்சு நுனில ஒளிரும் ஆக்டின்ங்கற புரத இழை ஒண்ணைக் கட்டி ஏடிபியை ஊத்தினாங்க. ஊத்தினதும் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ அந்த இழை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைல சுத்த ஆரம்பிச்சுடுச்சு. மோட்டார் அகலம் 10 நானோமீட்டர், கட்டின இழை அதைவிட நூறு மடங்கு நீளம், தண்ணிக்குள்ள அதையும் இழுத்துக்கிட்டு சுத்துச்சு. அப்புறம் சின்ன தங்கமணியைக் கட்டிப் பாத்தப்ப நொடிக்கு 130 சுத்து வரைக்கும் போச்சு. அந்த வீடியோவை ஒரு தடவை பாத்துட்டா இந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.

சரி, கணக்கு. ஒரு சுத்துக்கு 3 ஏடிபி, ஒரு சுத்துக்கு 8 புரோட்டான், அப்ப ஒரு ஏடிபிக்கு சுமார் 2.7. செஞ்ச ஏடிபியை வெளிய அனுப்பி மூலப்பொருளை உள்ள கொண்டு வர இன்னொரு புரோட்டான் செலவாகுது, ஆக 3.7. ஈஸ்ட்ல இருக்கை பத்து, அங்க 4.3. கணக்குக்கு 4ன்னு வெச்சுக்கறாங்க. என்ஏடிஹெச்சோட 10 புரோட்டானை 4ஆல வகுத்தா 2.5, எஃப்ஏடிஹெச்2வோட 6ஐ வகுத்தா 1.5. இப்ப தாள் ஓரத்தைப் பாருங்க, 10 × 2.5 = 25, 2 × 1.5 = 3, நேரடியா வந்தது 4, மொத்தம் 32. சைட்டோபிளாசத்துல உருவான 2 என்ஏடிஹெச்சோட எலக்ட்ரான் சில திசுக்கள்ல நடுப்படி வழியா உள்ள வர்றதால அதுக்கு 1.5தான், அப்ப 30. பழைய புத்தகம் 3ன்னும் 2ன்னும் முழு எண்ணா வெச்சுக் கணக்குப் போட்டுச்சு, 30 + 4 + 4, அதுதான் 38. சக்கரத்துல எத்தனை இருக்கைன்னு யாரும் எண்ணாத காலத்துக் கணக்கு அது. பரீட்சைல உங்க பாடப்புத்தகத்துல எது இருக்கோ அதையே எழுதுங்க, மார்க் அதுக்குத்தான், ஆனா பின்னம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க.

இதே தாள்லயே மத்ததையும் மாட்டிடலாம். ஒளிச்சேர்க்கையா, இலையோட பசுங்கணிகத்துக்குள்ள இருக்கற தைலகாய்டு சவ்வுலயும் இதே ராட்டினம்தான், கீரைல இருக்கை 14, புரோட்டானைத் தள்ளற வேலையை சூரிய ஒளி பாத்துக்குது. ஜேகன்டார்ஃபும் உரிபேயும் 1966ல கீரையோட தைலகாய்டை அமிலத்துல ஊற வெச்சு, பிஹெச் 4ல இருந்து சட்டுனு 8க்கு மாத்தினாங்க, கும்மிருட்டுலயே ஏடிபி வந்துச்சு, ஒளியே இல்லாம. மரபியலா, மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு, அது நமக்கு அம்மாகிட்ட இருந்து வருது, மெண்டலோட 3:1 அதுக்குப் பொருந்தாது. பரிணாமமா, அது ஒரு காலத்துல தனியா வாழ்ந்த பாக்டீரியா, அதனாலதான் ரெண்டு சவ்வு.

இந்தச் சக்கரம் நின்னா என்ன ஆகும்னு நான் எட்டாவது படிக்கும்போதே பாத்திருக்கேன், அப்ப புரியல. எங்க ஊரு சேலம் பக்கம். மழை தவறின வருஷம், பக்கத்துத் தோட்டத்து மாடு அவுத்துக்கிட்டுப் போய் அறுத்த சோளத்தாள்ல துளிர்விட்ட மறுதாம்பை மேஞ்சுடுச்சு. அரை மணி நேரத்துல கால் பின்னி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி விழுந்து செத்துப் போச்சு. பால் நிறைய கறக்கற மாடு, கண்ணு பட்டுருச்சுன்னு சொல்லி அடுத்த நாளே தெருவுல எல்லா மாட்டுக் கழுத்துலயும் கறுப்புக் கயிறு. வாடின இளஞ்சோளத்துல சயனைடு உண்டாகற பொருள் இருக்கு, நம்ம குச்சிக்கிழங்குல இருக்கற மாதிரி. சயனைடு எலக்ட்ரான் சங்கிலியோட நாலாவது புரதக் கூட்டத்தை அடைச்சுடுது, எலக்ட்ரான் நகராது, புரோட்டான் தேங்காது, சக்கரம் நின்னுடுது. ஆக்ஸிஜன் ரத்தத்துல நிறைய இருக்கு, ஆனா வாங்கிக்க ஆள் இல்ல, அதனாலதான் அப்படிச் செத்த மாட்டோட ரத்தம் பளிச்சுனு சிவப்பா இருக்கும். உடனே கால்நடை டாக்டர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டா பிழைக்க வாய்ப்பு உண்டு. கறுப்புக் கயிறு கட்டற ஒவ்வொரு வீட்டுலயும் அந்த ஊசியைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு எனக்கு ஆத்திரமே வருது, கயிறு கட்டினதோட மனசு சமாதானம் ஆயிடுது, அடுத்த வருஷமும் மாடு அதே தாளை மேயுது.

இன்னொரு ஆதங்கமும் இருக்கு. புரோட்டான் தேங்கித்தான் ஏடிபி வருதுன்னு 1961ல முதல்ல சொன்ன பீட்டர் மிட்செல்லை ரொம்ப காலம் யாரும் நம்பல. உடம்பு சரியில்லாம எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, கார்ன்வால்ல ஒரு பழைய மாளிகையைச் சரிபண்ணி, ஜெனிஃபர் மோயல் துணையோட அங்கயே ஆய்வுக்கூடம் நடத்தினார், 1978ல நோபல் வாங்கினார். அவருக்குக் குடும்பச் சொத்து இருந்துச்சு. இல்லாதவங்க என்ன பண்றது? ஏடிபியையே 1929ல ஃபிஸ்கேவோட சேந்து ஹார்வர்டுல கண்டுபிடிச்சவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், பீமவரத்துல பிறந்து சென்னைல படிச்சவர், மெட்ரிகுலேஷனை மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினார், கதர் உடுத்தினதுக்காக மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல அவருக்கு முழு எம்பிபிஎஸ் கிடைக்காம எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைச்சுது. ஹார்வர்டும் அவரை நிரந்தரமா வெச்சுக்கல. நம்ம நாடு ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது மொத்த உற்பத்தில 0.64 சதவீதம்னு 2020-21 கணக்கு சொல்லுது. இப்ப எங்கயோ ஒரு ஹாஸ்டல்ல யாரும் நம்பாத ஒரு யோசனையோட உக்காந்திருக்கற பிள்ளைக்கு இதுல எவ்வளவு போய்ச் சேரும்னு நினைச்சா எனக்குத் தாங்கல.

இதையெல்லாம் அக்கா பொண்ணுக்கு ஆறு வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு அவ வரைஞ்ச படம் வந்துச்சு, எட்டு இருக்கையும் எண்ணிப் போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளஸ் குறி. கூடவே ஒரு கேள்வி, "சித்தி இந்த ராட்டினம் ரிவர்ஸ்ல சுத்துமா?"

சுத்தும். ஜப்பான்காரங்க கண்ணாடில பாத்ததே ரிவர்ஸ்தான், ஏடிபியைக் குடுத்து அச்சைச் சுத்த விட்டாங்க. ஆக்ஸிஜன் இல்லாதப்ப நம்ம மைட்டோகாண்ட்ரியாலயும் அது பின்னால சுத்தி இருக்கற ஏடிபியை எல்லாம் தின்னுடப் பாக்கும், அப்ப ஐஎஃப்1ங்கற ஒரு குட்டிப் புரதம் தலைக்குள்ள போய் ஆப்பு மாதிரி செருகி நிறுத்திடும். பல்லைச் சொத்தையாக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா இதை வேணும்னே ரிவர்ஸ்ல ஓட்டுது, நாம மிட்டாய் சாப்பிட்டா அது உண்டாக்கற அமிலம் அதையே கொன்னுடாம இருக்க, ஏடிபியைச் செலவு பண்ணி ராட்டினத்தைப் பின்னால சுத்தி, உள்ள வந்த புரோட்டானை ஒண்ணொண்ணா வெளிய இறக்கி விட்டுக்கிட்டே இருக்கு.