ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: யாருக்கு வேண்டும், எத்தனை வண்டிக்குக் கிடைக்கும்?

பலாப்பழக் காலத்தில், ஊட்டிக்குப் போகும் மலைச்சாலையில் உள்ள பர்லியார் பக்கம் யானைகள் சாலையைக் கடக்க வரும். அதே மாதங்களில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும். குட்டியோடு வந்த யானை எந்த இடைவெளியில் நுழையும்? ஆம்புலன்சுக்கும் அதே கதிதான்.

நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாக அரசு கொடுத்த கணக்கைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. வருகிறவர்களைக் கணக்கெடுப்பதே நோக்கம். உச்சவரம்பு வந்தது 2025 மார்ச்சில். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. அதுவரைக்குமான இடைக்கால அளவுதான் இது.

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபி வந்ததும் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. வரும் க்யூஆர் குறியீட்டைக் கல்லாறு போன்ற சோதனைச் சாவடிகளில் காட்டினால் போதும். சாவடிக்கு வந்தபிறகு வண்டியை ஓரங்கட்டிப் பதிவு செய்வது பின்னால் வரும் அத்தனை பேரையும் நிறுத்திவைக்கும், வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வரம்பும் விதியும் சீசனுக்குச் சீசன் மாறக்கூடும் என்பதால், அறை முன்பதிவு செய்யும் முன்பே இணையதளத்தைப் பாருங்கள்.

உள்ளூர்க்காரர்களின் வண்டிகளுக்கும், விளைபொருளும் அத்தியாவசியப் பொருளும் ஏற்றிவரும் வண்டிகளுக்கும் உச்சவரம்பு இல்லை. அரசு பஸ்ஸுக்கும் மலை ரயிலுக்கும் இ-பாஸே வேண்டாம்.

இந்த விதி எண்ணுவது வண்டிகளை, ஆட்களை அல்ல. இரண்டு பேர் வரும் காரும் ஒன்று, பன்னிரண்டு பேர் வரும் வேனும் ஒன்று. இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். தண்ணீரும் குப்பையும் தலைக்கணக்கில்தானே கூடுகின்றன? ஆனாலும் சாலை நெரிசலுக்கு இப்போதைக்கு இதுவே கைவசம் உள்ள கடிவாளம். பாஸ் கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டாம். ஊட்டிக்கென்றால் மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.