சொல்கொமின்: 'இடம்பெயர்ந்தோர்' அல்லர்

கொரிய எழுத்தாளர் சோ செஹியின் கதைகளைப் பேசும்போது 'சொல்கொமின்' என்ற சொல்லை 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதுவது தவறு. சீன எழுத்துவழி வந்த சொல் அது: 'சொல்கொ' என்றால் கட்டடத்தை இடித்து அகற்றுதல், 'மின்' என்றால் மக்கள்.

'பெயர்ந்தோர்' தன்வினை. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்குப் போனவரும் பெயர்ந்தவர்தான். இடித்தவனுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. 1978இல் வந்த அவருடைய 'குள்ளன் ஏவிய சிறு பந்து' நூலிலோ அவன் வாசலுக்கே வந்து நிற்கிறான். குள்ளனின் குடும்பம் தன் வீட்டில் கடைசிச் சாப்பாடு சாப்பிடுகிறது. வெளியே சிமென்ட் மதிலில் முதலில் ஓட்டை விழுகிறது. பிறகு மதிலே சரிந்து புழுதி கிளம்புகிறது. யாரும் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எங்கே பெயர்ந்தார்கள்? பெயர்க்கப்பட்டார்கள்.

போதாக்குறைக்கு, 'இடம்பெயர்ந்தோர்' என்றதும் நமக்கு ஈழப்போர்தான் நினைவுக்கு வரும். ஷெல்லடிக்குத் தப்பி ஓடியவர்களின் சொல் அது. சோ செஹியின் கதையில் ஷெல் விழவில்லை, நோட்டீஸ் வந்தது. கூடவே அடுக்குமாடியில் குடியேறும் உரிமையும் வந்தது. வீட்டை வாங்க 5,80,000 வொன் (கொரிய நாணயம்), வாடகைக்கு எடுக்க 3,00,000 வொன். அதற்கு வழியில்லாதவர்கள் உரிமைச் சீட்டைத் தரகரிடம் விற்றார்கள். போர்ச்சொல்லைப் போட்டால் காகிதத்தால் நடந்த இந்தப் பறிப்பு மறைந்துபோகிறது.

'ஆக்கிரமிப்பாளர்' இன்னும் மோசம். இடிக்க ஆள் அனுப்பியவர்களின் சொல். அனுமதியில்லாத அந்த வீட்டுக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு உண்டு. வாசலில் அடித்திருந்த அதை அம்மா சமையல் கத்தியால் நெம்பி எடுக்கிறாள். எண் கொடுத்துக் கணக்கில் வைத்திருந்தவர்களை ஆக்கிரமித்தவர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் ஏன் சொல்ல வேண்டும்? 'வெளியேற்றப்பட்டோர்' பரவாயில்லை. ஆனால் வாடகை பாக்கிக்காகக் காலி செய்யவைக்கப்பட்டவரும் அதில் அடக்கம்.

'வீடிடிக்கப்பட்டோர்' என்பதே நேரான சொல். நீளம் என்பார்கள், உரையாடலில் 'வீடு இடிபட்டவங்க' என்றால் போதும். பக்கத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர்ப்பைப் பார்த்துச் சொல் தேடுகிறவருக்கு இது அகப்படாது. மூலத்தில் சுத்தியல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தானாக வரும்.

ஓர் இடத்தில் மட்டும் இது பொருந்தாது. 2009 ஜனவரி 20 அன்று சியோலின் யொங்சானில், இடிப்பை எதிர்த்துக் கட்டடத்தின் மேல்தளத்தில் நடந்த போராட்டத்தில் தீப்பிடித்து, போராடியவர்கள் ஐந்து பேரும் போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார்கள். அந்தப் போராட்டக்காரர்களையும் கொரியர்கள் 'சொல்கொமின்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வாடகை இடத்தில் கடை நடத்தியவர்களும் அங்கே இருந்தார்கள், அவர்கள் பறிகொடுத்தது வீட்டையல்ல, கடையை. அங்கே 'இடிப்புக்கு ஆளானோர்' என்று எழுதலாம்.