நாயின் புற்றுக்கட்டிக்கு ஒளி சிகிச்சை: ஆழம்தான் கணக்கு

"டாக்டர், கட்டியை லேசர் வைத்தே கரைச்சிடலாமாமே?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சிகிச்சைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். மூட்டுவலிக்குக் காட்டும் லேசர் செல்களைத் தூண்டிவிடுவது. அதைப் புற்றுக்கட்டியின் மேல் காட்டவே கூடாது. புற்றுக்கட்டிக்குத் தரும் ஒளி சிகிச்சையான போட்டோடைனமிக் தெரபி முற்றிலும் வேறு.

இதில் ஒளி தனியாக எதையும் கொல்வதில்லை. ஒளியை உறிஞ்சும் மருந்து, அதற்கேற்ற அலைநீள ஒளி, திசுவிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் செல் சாகும். உதாரணமாக, அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்து செல்லுக்குள் புரோட்டோபோர்ஃபிரின் என்ற ஒளி உறிஞ்சும் பொருளாக மாறும். அதை எழுப்ப சுமார் 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி வேண்டும். களிம்பாகத் தடவுவதென்றால் முதலில் முடியை மழித்து, பொருக்கை எடுத்துவிட வேண்டும். பொருக்கு இருந்தால் மருந்தும் இறங்காது, ஒளியும் இறங்காது. தடவியபின் சில மணி நேரம் காத்திருப்பு. அதுவரை நாய் நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு.

சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல் கொடுக்க வேண்டும், விளக்கு அதே பரப்புக்கு 100 மில்லிவாட் தருகிறது என்றால் 1,000 விநாடி ஆகும். கிட்டத்தட்ட 17 நிமிடம். அத்தனை நேரம் எந்த நாயும் அசையாமல் படுக்காது, மயக்க மருந்து தேவை. விளக்கின் வீரியத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாமே என்றால், ரத்தம் கொண்டுவருவதைவிட வேகமாக ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீதி ஒளி வீண்.

சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் பயன்படும் அளவில் இறங்கும். அதனால் தோலில் மேலோட்டமாக இருக்கும் செதிள்செல் புற்றுக்கு இது பொருந்தும். ஈறிலிருந்து தாடை எலும்புக்குள் இறங்கிவிட்ட கட்டிக்குப் பொருந்தாது. நிறமிச் செல்களில் வரும் புற்றான கறுத்த மெலனோமாவில் நிறமியே ஒளியை விழுங்கிவிடும். ஆகவே பயாப்சியும், வாய்க்கட்டி என்றால் எக்ஸ்ரே அல்லது சி.டி.யும் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். மாஸ்ட் செல் கட்டி (ஒவ்வாமையைத் தூண்டும் செல்களில் வரும் புற்று) என்றால் இன்னொரு கவலை: செல்கள் உடையும்போது வீக்கமும் அரிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் கொட்டும், அதைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும்.

மருந்தை ஊசியாகப் போட்டிருந்தால் வெயில்தான் எதிரி. போர்ஃபைமர் போன்ற மருந்து தோலில் வாரக்கணக்கில் தங்கும். ஜன்னல் கண்ணாடி காப்பாற்றாது, சன்ஸ்கிரீனும் உதவாது. சுடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியே. நடைப்பயிற்சி இருட்டிய பிறகு. அதற்காக இருட்டறையில் அடைக்கவும் வேண்டாம், வீட்டு விளக்கின் மிதமான வெளிச்சம் தோலில் மிஞ்சிய மருந்தை மெல்ல மெல்லச் சிதைக்கும்.

சிகிச்சை செய்த இடம் வீங்கி, கறுத்து, பொருக்குத் தட்டி உதிரும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். முகம் வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் உடனே கொண்டுவாருங்கள். ஆறியபின் ஓரத்தில் கடுகளவு மேடு தட்டுப்பட்டாலும் அது மறுபடி பயாப்சிக்குப் போக வேண்டியது.