பக்கவாதம் வந்தவரோடு ரம்மி ஆடுவது எப்படி?

மண்டபம், பாம்பன் பக்கம் பக்கவாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், இந்தக் கரையில் சீட்டுக்கட்டு புழங்காத நிழலே இருக்காது. அப்படி ஆடிப் பழகியவர் நோய்க்குப் பிறகு சீட்டை வாங்கித் திணறினால், "இதுகூடவா மறந்துபோச்சு?" என்று வீட்டில் கேட்டுவிடுகிறார்கள். அதோடு சீட்டைத் தொடுவதையே விட்டவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

பதின்மூன்று சீட்டு ரம்மி மூளைக்கு லேசான வேலை இல்லை. வரிசை சேர்க்க வேண்டும், ஒரே எண் சீட்டுகளால் செட்டும் சேர்க்க வேண்டும், எதிராளி எடுத்ததைக் கவனிக்க வேண்டும், ஜோக்கர் எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு ஒரு விதியை விட்டு அடுத்ததற்குத் தாவுவதுதான் பெரும்பாடு. அதனால் புதிதாகப் பழகுபவருக்குச் சொல்வதுபோல ஆட்டத்தைச் சுருக்கிவிடுகிறேன். இஸ்பேடும் ஹார்ட்டினும் மட்டும், ஆஸ் முதல் பத்து வரை, மொத்தம் 20 சீட்டு. ஆளுக்கு மூன்று. ஒரே பூவில், அதாவது மூன்றும் இஸ்பேடாகவோ மூன்றும் ஹார்ட்டினாகவோ, அடுத்தடுத்த மூன்று எண் சேர்ந்தால் டிக், ஆட்டம் ஜெயம். செட் கிடையாது, ஜோக்கர் கிடையாது.

பாம்பனில் விசைப்படகு ஓட்டியாக இருந்த ஒருவர், இஸ்பேட் ஐந்து, ஆறு, ஏழு கையில் சேர்ந்த பிறகும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டை உருவிக்கொண்டே இருந்தார். பார்வையில் குறை இல்லை. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் சிலருக்கு இடப்பக்கம் இருப்பது கவனத்துக்கே வராது. அந்த ஐந்து இடது ஓரத்தில் இருந்தது. அவருக்கு இடது கையும் வராது. வலையில் கட்டும் மிதவைத் தெர்மாகோலில் நீளமாக ஒரு கீறல் போட்டு, அதில் சீட்டுகளைச் செருகி நிறுத்தினோம். இடது ஓரத்தில் சிவப்பு நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிவிட்டோம். "ஐயா, மொதல்ல சிவப்பைப் பாருங்க, அப்புறம் சீட்டை எண்ணுங்க" என்று பேரன் ஒவ்வொரு முறையும் சொன்னான். மெல்ல மெல்ல, அவன் சொல்லாமலே கண் இடப்பக்கம் போகத் தொடங்கியது.

எதைக் கழிக்க வேண்டும் என்று மட்டும் பக்கத்தில் இருப்பவர் சொல்லவே கூடாது. வேண்டுமென்றே தோற்பதும் வேண்டாம். பழைய ஆட்டக்காரருக்கு அது உடனே தெரிந்துவிடும், மனசு நொந்துபோவார். யோசிக்க நேரம் கொடுங்கள். தடுமாறாமல் ஆடினால் அடுத்த இரண்டு பூக்களைச் சேர்த்து, ஏழு சீட்டாக்கலாம். பிறகு செட். ஜோக்கர் கடைசியில்தான். காசு வைத்து ஆட்டம் எப்போதும் வேண்டாம்.

நேற்றுவரை ஆடியவர் இன்று திடீரெனச் சீட்டைத் தவறவிட்டால், வாய் கோணினால், பேச்சு குழறினால், "அசதியாக இருக்கும்" என்று படுக்க வைக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.